குனோங் தாஹான் ஏறுவது எப்படி? தோட்டப்புற இளைஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு மலை புதிதல்ல. செம்பனை நிரைகளுக்கு அப்பால் கிழக்கே திரும்பினாலே தித்திவங்சா மலைத்தொடர் தெரியும். அத்தொடரில் 2183 மீட்டர் உயரமுள்ள கோர்பு, நம் பேராக் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரம். தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரமான குனோங் தாஹான் 2187 மீட்டர். கோர்புவைவிட 4 மீட்டர்தான் அதிகம். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, வார இறுதியில் போய் வரலாம் என்று எண்ணும் தம்பி தங்கைகளை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களுக்காகவும், அவர்களை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

தாஹானின் கடினம் அதன் உயரத்தில் இல்லை. அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் தாமான் நெகாரா காட்டின் உட்புறத்தில் இந்தச் சிகரம் அமைந்திருக்கிறது. இரண்டாம் நாள் மாலை ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால், அவரைச் சாலைக்குக் கொண்டுவர ஒரு முழு நாளுக்கு மேல் ஆகலாம். கைப்பேசி பெரும்பாலான இடங்களில் வேலை செய்யாது. ஆகவே, பயிற்சி, பை, உணவு, நேரம் என்று நீங்கள் செய்யும் ஒவ்வொரு ஏற்பாட்டையும், உதவி தொலைவில் இருக்கிறது என்ற எண்ணத்தோடுதான் செய்ய வேண்டும்.

எந்த வழியாக ஏறுவது

உச்சிக்கு இரண்டு முக்கியமான வாசல்கள் உள்ளன. முதலாவது, ஜெராண்டுட் பக்கமுள்ள குவாலா தாஹான். இதுவே பழைய பாதை. ஒரு வழித் தூரம் மட்டும் 50 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்ப ஏழு முதல் ஒன்பது நாள் வரை ஆகும். வரிசையாகப் பல குன்றுகளை ஏறி இறங்கிய பிறகு, தாஹான் ஆற்றைப் பலமுறை கடந்துதான் மலையடிவாரமான குவாலா தெக்குவையே அடைய முடியும். இரண்டாவது, லிப்பிஸ் மாவட்டத்தில், மெராப்போ என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள சுங்கை ரெலாவ் வாசல். இந்த வழியில் நான்கு நாள், மூன்று இரவுகளில் ஏறி இறங்கிவிடலாம். ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறுவோரும் உண்டு. அதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும்.

முதன்முறை போகிறவர்கள் மெராப்போ வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்பவர்களுக்கு ஒரே மூச்சில் பத்து நாள் விடுப்புக் கிடைப்பது அரிது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது எடை. நான்கு நாளுக்கான உணவைச் சுமப்பதும் ஒன்பது நாளுக்கான உணவைச் சுமப்பதும் ஒன்றல்ல. இந்த வழிகாட்டியின் எஞ்சிய பகுதி மெராப்போ வழியைப் பற்றியதே.

எப்போது போவது, யாரிடம் அனுமதி பெறுவது

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கிக் கிழக்குக் கரை மாநிலங்களை நனைத்துவிடும். அந்தக் காலத்தில் மலையேற்றத்துக்குப் பொதுவாக அனுமதி இருக்காது. தீபாவளி விடுமுறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நம் இளைஞர்கள் திட்டமிடுவது இயல்பு. ஆனால் தீபாவளி வருவதே அக்டோபர் நடுவுக்கும் நவம்பர் நடுவுக்கும் இடையில்தான். ஆறுகள் பெருகத் தொடங்கும் அந்தப் பருவத்தைத் தவிர்த்துவிடுங்கள். மார்ச் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே ஏற்றவை. அப்போதும் பிற்பகல் மழை பெய்யும். அதை எதிர்பார்த்தே போக வேண்டும்.

அனுமதி வழங்குவது பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை. சுங்கை ரெலாவ் அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஒரு நாளில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு வரம்பு இருப்பதால், குறைந்தது இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே தேதியை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். உரிமம் பெற்ற மாலிம், அதாவது மலை வழிகாட்டி, இல்லாமல் ஏற அனுமதியில்லை. மாலிம்களில் பலர் மெராப்போ பக்கத்துக் கிராமத்தவர்கள். அந்த ஆறுகளின் குணத்தைச் சிறு வயதிலிருந்து அறிந்தவர்கள். உங்கள் மாலிமை 'அபாங்' (அண்ணன்) என்று மரியாதையாக அழைத்து, போவதற்கு முன்பே தொலைபேசியில் பேசிப் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் குழுவில் யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு நீரிழிவு, யாருக்கு நீச்சல் தெரியாது என்பதையெல்லாம் ஒளிக்காமல் அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை மாலிமின் ஊதியம், காட்டுப்பாதைக்கான நான்கு சக்கர இயக்க வண்டி வாடகை, அனுமதிக் கட்டணம், போக்குவரத்து, உணவு ஆகியவையே பெரிய பகுதிகள். மாலிமுக்கும் வண்டிக்கும் ஆகும் செலவு குழுவில் பகிரப்படுவதால், ஆறு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து போவது கட்டுப்படியாகும். அதற்கு மேல் போனால், செலவு குறைந்தாலும் நடை மெதுவாகிவிடும்.

மூன்று மாதப் பயிற்சி

மெராப்போ வழியில் தாழ்நிலத்திலிருந்து உச்சி வரை ஏறக்குறைய 2000 மீட்டர் உயரம் ஏற வேண்டியிருக்கும். இதை நம்மவர்களுக்குப் புரியும்படி சொல்வதானால், பத்துமலையின் 272 படிகளை நாற்பது தடவைக்கு மேல் ஏறுவதற்குச் சமம். அதுவும் முதுகில் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ சுமையோடு, வேரும் சேறும் நிறைந்த பாதையில்.

பயிற்சிக்கு நாம் பணம் கொடுத்து உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. மேட்டுப்பாங்கான பழைய பால்மரக்காடுகளும், குன்றுகளில் படி படியாக வெட்டிய செம்பனைத் தோட்டங்களும் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. தோட்ட நிர்வாகத்திடம் சொல்லி அனுமதி பெற்றுக்கொண்டு, வாரத்தில் மூன்று நாள் அங்கே நடக்கலாம். முதல் மாதம் சுமையில்லாமல் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் போதும். இரண்டாம் மாதம் பையில் 5 கிலோ அரிசிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு மேடேறுங்கள். மூன்றாம் மாதம் அதை 10 கிலோவாக்கி, வாரம் ஒருமுறை ஐந்து ஆறு மணி நேரம் தொடர்ந்து நடந்து பழகுங்கள். ஈப்போவுக்குப் போகும் வழியிலுள்ள பேராக் தோங் குகைக்கோயிலில் 400-க்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. அங்கே வழிபட வருவோருக்கு இடையூறின்றி, அதிகாலையில் ஏறி இறங்கலாம்.

ஏறுவதற்குத் தரும் கவனத்தை இறங்குவதற்கும் தர வேண்டும். தாஹானில் முழங்கால் வலி பெரும்பாலும் மூன்றாம் நாளில், இறக்கத்தில்தான் வருகிறது. ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையையும் பையின் எடையையும் தொடைத் தசை தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதே காரணம். பயிற்சியின்போது சரிவில் சுமையோடு மெதுவாக இறங்கிப் பழகாதவர்களுக்கு, உச்சியை அடைந்த மறுநாள் முகாமிலிருந்து எழுந்து நிற்பதே பாடாகிவிடும்.

இன்னும் ஒன்று. மழையில் ஒருமுறையாவது பயிற்சி செய்யுங்கள். நனைந்த உடையோடு, நனைந்த காலணியோடு மூன்று மணி நேரம் நடந்து பார்த்தவருக்கே தம் பையிலும் உடையிலும் என்ன குறை என்று தெரியும். குழுவினர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவும் அது உதவும். களைப்பில் யார் பேசாமல் போகிறார், யார் எரிச்சலடைகிறார், யார் தண்ணீர் குடிக்க மறக்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் வெளிப்படும்.

காலணியும் பையும்

மலையேற்றத்துக்கென்று விலையுயர்ந்த தோல் காலணி வாங்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். மலேசியக் காடுகளில் மாலிம்களே அணிவது, 'அடிடாஸ் கம்போங்' என்று ஊரெங்கும் அழைக்கப்படும் கறுப்பு ரப்பர் காலணி. நம் தோட்டங்களில் பால் வெட்டுவோரும் செம்பனைக் குலை அறுப்போரும் அணிவதும் இதே காலணிதான். ஒரே வார்ப்பாக இருப்பதால் அடிப்பாகம் பிரிந்து வராது, அடியிலுள்ள குமிழ்கள் சேற்றைப் பற்றிக்கொள்ளும், ஆற்றில் இறங்கி ஏறினால் உள்ளே புகுந்த நீர் உடனே வடிந்துவிடும். ஆனால் உட்புறத்தில் மெத்தை கிடையாது. ஆகவே அரை அளவு பெரிதாக வாங்கி, உள்ளே மெத்தென்ற ஓர் உள்ளடித் தகடும் கனமான காலுறையும் போட்டு, பயிற்சிக்காலம் முழுவதும் அதையே அணிந்து பழக வேண்டும். புதிய காலணியோடு மலைக்கு வரவே கூடாது.

காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொள்வது, கால்சட்டை விளிம்பில் புகையிலைச் சாற்றைத் தடவுவது போன்ற பழக்கங்களை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பால் வெட்டப் போகும் காலத்திலிருந்தே வைத்திருந்தார்கள். தாஹான் காட்டு அட்டைகளுக்கும் அவை பயன்படும். அட்டை கடித்தால் பிய்த்து எறியாமல், நகத்தால் அதன் வாயை ஓரமாகத் தள்ளி எடுங்கள். இரத்தம் சற்று நேரம் கசியும். இரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதே அதற்குக் காரணம், பயப்பட ஒன்றுமில்லை.

பையின் மொத்த எடை உங்கள் உடல் எடையில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 15 கிலோவே உச்ச வரம்பு. 12 கிலோவில் நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது. நடக்கும்போது அணிய ஓர் உடை, முகாமில் அணிய உலர்ந்த ஓர் உடை ஆகிய இரண்டே போதும். மாலையில் உலர்ந்த உடைக்கு மாறி, காலையில் மீண்டும் ஈர உடையையே அணிந்து நடக்க வேண்டும். காலையில் ஈரச்சட்டையை மாட்டுவது கொடுமையாகத்தான் இருக்கும். இருந்தாலும் உலர்ந்த உடையையும் நனைத்துவிட்டால், முகட்டு முகாமில் இரவைக் கழிக்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது. பருத்தி உடை வேண்டாம். நனைந்தால் காயாது, உடல் சூட்டையும் இழுத்துவிடும். விளையாட்டு வீரர்கள் அணியும் பாலியெஸ்டர் சட்டையே ஏற்றது.

பணம் செலவழிப்பதானால் மூன்று பொருள்களுக்குச் செலவழியுங்கள்: நல்ல மழையாடை, தலையில் கட்டும் விளக்கு, கதகதப்பான தூக்கப் பை. கூடாரம், சமையல் அடுப்பு, பெரிய முதுகுப்பை ஆகியவற்றை இரவல் வாங்கலாம் அல்லது வாடகைக்கு எடுக்கலாம். பைக்குள் தடித்த குப்பைப் பை ஒன்றை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்குங்கள். வெளியே போடும் மழை உறை, ஆற்றில் விழுந்தால் உதவாது. விசில், தீப்பெட்டி அல்லது லைட்டர், கைவிளக்குக்கு மாற்றுப் பேட்டரி, கட்டுத்துணி, வலி மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், உங்களுடைய வழக்கமான மருந்து ஆகியவற்றைத் தனிப் பொட்டலமாகக் கட்டி மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன சாப்பிடுவது

மலையில் பசி மந்தமாக இருக்கும். ஆனால் உடல் கேட்பதோ அதிகம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 700 கிராம் உலர் உணவு என்று வைத்துக்கொண்டால், நான்கு நாளுக்கு மூன்று கிலோவுக்குள் அடங்கிவிடும். அரிசி, உடைத்த பருப்பு, வீட்டிலேயே அரைத்த ரசப்பொடி, எண்ணெய் வற்றும்வரை வதக்கிய நெத்திலிச் சம்பல், கருவாடு, மைலோ, பேரீச்சம்பழம், கடலை ஆகியவை எடை குறைந்தவை, கெடாதவை. இரவில் சூடான ரசமும் சோறும் கிடைத்தால் குழுவின் முகமே மாறிவிடும். சார்டின் டின்னை ஒன்றிரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள்; காலி டின்னையும் நீங்கள்தான் சுமந்து திரும்ப வேண்டும்.

நடக்கும்போது மதிய உணவுக்கென்று நீண்ட நேரம் உட்காராமல், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிதளவு கொறித்துக்கொண்டே போவது நல்லது. தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதை ஒவ்வொரு காலையும் மாலிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே ஆறு இருக்கிறது. முகடுகளில் ஊற்று இருப்பதும் வற்றுவதும் மழையைப் பொறுத்தது. எடுத்த நீரைக் கொதிக்க வைத்தோ வடிகட்டியோ குடிக்க வேண்டும்.

வீட்டில் சொல்லிவிட்டுப் போவது

"அந்தக் காட்டுல போய் என்னப்பா செய்யப் போறீங்க?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். அதற்குச் சரியான பதில், ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கையில் கொடுப்பதே. குழுவினரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும், மாலிமின் பெயரும் தொலைபேசி எண்ணும், சுங்கை ரெலாவ் அலுவலக எண்ணும், ஒவ்வோர் இரவும் தங்கும் முகாமின் பெயரும் அதில் இருக்கட்டும். எந்த நாள், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் அலுவலகத்தை அழைக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அந்த நேரத்தை உங்கள் திட்டத்தைவிட அரை நாள் தள்ளி வையுங்கள். மழையால் ஏற்படும் தாமதத்துக்கு வீட்டில் யாரும் கலங்க வேண்டியதில்லை.

சுங்கை சிப்புட்டிலிருந்து குவாலா ஜூராம் வரை

எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்கள் ஈப்போவைத் தாண்டிச் சிம்பாங் பூலாயில் மலைச்சாலையைப் பிடித்து, கேமரன் மலையின் கம்போங் ராஜா, லோஜிங் வழியாகக் குவா மூசாங்கை அடைந்து, அங்கிருந்து தெற்கே மெராப்போவுக்குத் திரும்பலாம். நான்கு ஐந்து மணி நேரப் பயணம். லோஜிங் சாலையில் மூடுபனியும் மண்சரிவும் உண்டு என்பதால் பகலிலேயே கடந்துவிடுங்கள். வண்டியில்லாதவர்களுக்குக் கிழக்குக் கரை இரயில் பாதையில் மெராப்போ நிலையம் இருக்கிறது. முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்து, ஓர் இரவு தூங்கி எழுந்து புறப்பட வேண்டும். இரவெல்லாம் வண்டியோட்டிவிட்டுக் காலையில் மலையேறத் தொடங்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

சுங்கை ரெலாவ் அலுவலகத்தில் உங்கள் பையைப் பிரித்துக் காட்ட வேண்டும். தரையில் விரித்த படுதாவில் எல்லாவற்றையும் பரப்பி வைப்பார்கள். மேகி பொட்டலம் எத்தனை, பேட்டரி எத்தனை, பிளாஸ்டிக் புட்டி எத்தனை, ஈரத் துடைப்புத்தாள் பொட்டலம் எத்தனை என்று படிவத்தில் எழுதிக்கொள்வார்கள். திரும்பும்போது அவற்றின் உறைகளை எண்ணிக் காட்ட வேண்டும். இதனால் ஒரு மணி நேரம் ஆகிறதே என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. எனக்கோ இது நம் நாட்டு மலைகளில் உள்ள மிகச் சிறந்த வழக்கமாகத் தோன்றுகிறது. எல்லா மலைகளுக்கும் இது வர வேண்டும். வீட்டிலேயே உறைகளைக் குறைத்து, உணவை மீண்டும் பயன்படும் பைகளில் மாற்றி வந்தால் வேலை சீக்கிரம் முடியும். பெண்கள் பயன்படுத்தும் நாப்கினையும் திரும்பக் கொண்டுவர வேண்டியிருப்பதால், இறுக்கமாக மூடும் தனிப் பை ஒன்றை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து நான்கு சக்கர வண்டி உங்களைச் சுமார் 13 கிலோமீட்டர் உள்ளே குவாலா ஜூராமில் இறக்கிவிடும். உண்மையான நடை அங்கேதான் தொடங்குகிறது.

முதல் நாள்: ஆறு

குவாலா ஜூராமிலிருந்து குவாலா லூயிஸ் வழியாகக் கோர் முகாம் வரை முதல் நாள் நடை. ஏற்றம் பெரிதாக இல்லாததால் பலர் இதைச் சுலபமான நாள் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த நாளில்தான் ஆறுகளைக் கடக்க வேண்டியிருக்கிறது, காட்டில் ஆற்றைப் போல ஆபத்தானது வேறொன்றும் இல்லை. 1893-இல் தாஹான் உச்சியைத் தேடிக் குவாலா தாஹான் பக்கமாகப் போன பெச்சர் என்ற சுரங்கப் பொறியாளரைக் கொன்றது புலியும் அல்ல, யானையும் அல்ல. இரவில் பெருகிவந்த ஆற்று வெள்ளம்.

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மேலே மலையில் பெய்த மழை திடீரென்று சுவராக இறங்கிவரும். இதை மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். தெளிவாக ஓடிய நீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, மேல்பக்கத்திலிருந்து இரைச்சல் கேட்பது ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொருளை எடுக்கத் திரும்பாமல், உடனே கரையேறி உயரமான இடத்துக்குப் போய்விட வேண்டும்.

ஆற்றைக் கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட முடிய வேண்டும். பூட்டிய பை உங்களை நீருக்குள் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நீர் வரும் திசையைச் சற்றே நோக்கி நின்று, ஊன்றுகோலை முன்னே ஊன்றி, பக்கவாட்டில் சிறு அடிகளாக நகர வேண்டும். ஒரு கால் உறுதியாக நின்ற பிறகே மறு காலை எடுக்க வேண்டும். நீர் தொடைக்கு மேல் வேகமாக ஓடினால் மாலிம் நிற்கச் சொல்வார். அவர் இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொன்னாலும் காத்திருங்கள். காட்டாறு பெருகும் வேகத்திலேயே வடியவும் செய்யும்.

ஆற்றங்கரையில் தாழ்வான மணல்திட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே கூடாரம் போடக் கூடாது.

இரண்டாம் நாள்: காடு குள்ளமாகும் இடம்

கோர் முகாமிலிருந்து பெர்மாத்தாங், குபாங், பெலுமுட், போன்சாய், போத்தாக் என்று முகாம்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. எங்கே தங்குவது என்பதைக் குழுவின் வலிமையையும் நீர் இருப்பையும் பார்த்து மாலிம் முடிவு செய்வார். பெர்மாத்தாங் வரையுள்ள ஏற்றம் நீளமானது; மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தைத் தாண்டாதீர்கள். குழுவில் மிக மெதுவாக நடப்பவரை மாலிமுக்கு அடுத்தபடியாக முன்னால் விடுங்கள். அவரைக் கடைசியில் விட்டால், மற்றவர்கள் ஓய்வெடுத்து முடிக்கும்போதுதான் அவர் வந்து சேர்வார். அவருக்கு ஓய்வே கிடைக்காது.

இந்த நாளில் காடு மாறுவதைக் கவனியுங்கள். கீழே, நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் அளவுக்கு உயர்ந்த மரங்கள். மேலே போகப் போக மரங்கள் மெலிந்து, கிளையெல்லாம் பாசி போர்த்தி, நீர் சொட்டிக்கொண்டிருக்கும். போன்சாய் முகாமை நெருங்கும்போது மரங்கள் உங்கள் தோளுயரத்துக்கு வந்துவிடும். தித்திவங்சா மலைகள் பெரும்பாலும் கருங்கல். தாஹான் தொடரோ மணற்கல்லும் படிகக்கல்லும் கொண்டது. அந்தப் பாறை சிதைந்து உண்டாகும் மண்ணில் சத்து மிகக் குறைவு. அதோடு காற்றும் குளிரும் சேர்வதால் மரங்கள் ஓங்கி வளர முடிவதில்லை. சத்தில்லாத மண்ணில் பூச்சியைப் பிடித்து உண்டு வாழும் குடுவைச் செடிகள் அங்கே பாசிக்கு நடுவே தொங்குவதைக் காணலாம். அவற்றின் உதட்டில் எறும்பு வழுக்கி விழுவதைச் சற்றுக் குனிந்து நின்றால் கண்ணாலேயே பார்க்க முடியும். விரல் வைத்து மூடியைத் திறக்காதீர்கள், பறிக்கவும் கூடாது. லிவிஸ்டோனா தாஹானென்சிஸ் என்னும் விசிறிப்பனை இந்த மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. பனையோடு பழகிய நம் மக்களில் இதைத் தேடிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மரம் குள்ளமானதும் மழைக்கும் மின்னலுக்கும் மறைவு போய்விடும். இடி கேட்டால் திறந்த முகட்டில் நிற்காதீர்கள். தாழ்ந்த புதர்ப் பகுதிக்கு இறங்கி, உலோகக் கம்புகளைத் தள்ளி வைத்துவிட்டு, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டுக் குந்தியிருங்கள்.

குளிரை அறிந்துகொள்வது

உயரம் 100 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். தோட்டத்தில் இரவு 23 டிகிரி இருக்கும்போது, தாஹான் உச்சியில் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். வெயிலில் பிறந்து வளர்ந்த நமக்கு, நனைந்த உடம்போடும் காற்றோடும் சேர்ந்தால் அந்தக் குளிர் உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் நடுக்கம் வரும். பிறகு பேச்சுக் குழறும், கால் தடுமாறும், கேட்ட கேள்விக்குப் பொருத்தமில்லாத பதில் வரும். நடுக்கம் நின்றுவிட்டது, ஆனால் ஆள் சோர்ந்து கிடக்கிறார் என்றால், அது தேறிவிட்டதன் அடையாளமல்ல. நிலைமை மோசமாகிவிட்டதன் அடையாளம்.

இப்படி ஒருவரைக் கண்டால் நடையை அங்கேயே நிறுத்துங்கள். காற்றுப் படாத இடத்தில் அமர்த்தி, ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த உடை உடுத்தி, தூக்கப் பைக்குள் வையுங்கள். தரைக்கும் அவருக்கும் நடுவே பாயோ காலிப் பையோ இருக்க வேண்டும். சுயநினைவு இருந்தால் சூடான இனிப்பு மைலோ கொடுக்கலாம். கை காலைப் பரபரவென்று தேய்க்கக் கூடாது. மது கொடுக்கவே கூடாது.

உச்சி

போத்தாக் முகாமுக்கு மேல் பாதை திறந்த வெளியில் மேடும் இறக்கமுமாகப் போகிறது. ஒரு மேட்டைக் கடந்தால் உச்சி என்று நினைப்பீர்கள். அடுத்த மேடு எதிரே நிற்கும். இங்கே மனம் சோர்வது இயற்கை. அதனால் புறப்படும் முன்பே, கீழே உணவு மேசையில் உட்கார்ந்து, திரும்பும் நேரத்தை எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட வேண்டும். பகல் 12 மணி என்று வைத்தால், அந்த நேரத்தில் உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்ப வேண்டும். இருட்டிய பிறகு களைத்த காலோடு பாறையில் இறங்கும்போதுதான் எலும்பு முறிவுகள் நேர்கின்றன. யாருடைய உடல்நலத்துக்காகத் திரும்ப நேர்கிறதோ, அவரைப் பிறகு ஒரு சொல்லும் குறையாகப் பேசக் கூடாது என்பதையும் அதே மேசையில் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இந்த உச்சியைப் பல குழுக்கள் முயன்று அடைய முடியாமல் திரும்பின. 1905-இல் ராபின்சன் என்ற விலங்கியலாளர் தலைமையில் சென்ற குழுவே வெற்றி பெற்றது. அதிலும் முதலில் உச்சியில் கால் வைத்தவர்கள் அக்குழுவின் நான்கு மலாய்க்காரர்கள். அந்தக் காட்டைப் பாதுகாக்கப்பட்ட பூங்காவாக அறிவித்தது அதற்கு முப்பதாண்டுகளுக்கும் மேலான பிறகே. உச்சியில் படம் எடுத்துக்கொண்டு, உலர்ந்த சட்டையை மேலே போட்டுக்கொண்டு, அரை மணி நேரத்துக்குள் இறங்கத் தொடங்குங்கள். அந்த அரை மணி நேரத்தில் உங்கள் மாலிமுக்கு முதல் கோப்பை மைலோவைக் கொடுங்கள்.

இறக்கமும் அதன் பிறகும்

இறங்கும்போது ஊன்றுகோலைச் சற்று நீட்டி, முழங்காலைச் சிறிது மடக்கி, குறுகிய அடிகள் வையுங்கள். முகாம்களில் மீந்த சோற்றைக் கூடாரத்தருகே கொட்டாதீர்கள்; கரடியும் காட்டுப்பன்றியும் தேடி வரும். யானைச் சாணம் புதிதாகக் கிடந்தால் மாலிமிடம் உடனே சொல்லுங்கள். மலாயாப் புலிகள் நாடு முழுவதும் 150-க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன. அவற்றின் முக்கியமான புகலிடங்களில் தாமான் நெகாராவும் ஒன்று. ஈர மண்ணில் அதன் காலடித் தடத்தைக் கண்டால், தொடர்ந்து போகாமல் குழுவாகச் சேர்ந்து நடந்து அந்த இடத்தைக் கடந்துவிடுங்கள்.

சுங்கை ரெலாவில் குப்பையைக் கணக்குக் காட்டிக் கையெழுத்திட்டு வெளியே வந்ததும், அன்றிரவே வண்டியோட்டி வீடு திரும்ப வேண்டாம். மெராப்போவிலோ குவா மூசாங்கிலோ தூங்கிவிட்டு மறுநாள் கிளம்புங்கள். வேலைக்குத் திரும்பும் முன் இன்னும் ஒரு நாள் விடுப்பு இருக்கும்படி முதலிலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். செம்பனைக் குலை அறுக்கும் கைக்கும் இயந்திரத்தின் முன் நிற்கும் காலுக்கும் அந்த ஓய்வு தேவை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாதம் வரை உடலைக் கவனியுங்கள். எலி மூத்திரம் கலந்த நீர் மூலம் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளுக்குள் காய்ச்சலாகவும், கெண்டைக்கால் வலியாகவும், கண் சிவப்பாகவும் தலைகாட்டும். நம் நாட்டுக் காடுகளில் குரங்குகளிடமிருந்து கொசுவழி மனிதருக்கு வரும் மலேரியாவும் உண்டு. சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். கிளினிக்கில் டாக்டர் கேட்காவிட்டாலும், "இந்தத் தேதியில் தாமான் நெகாராக் காட்டில் ஆற்றைக் கடந்து, மலையேறி வந்தேன்" என்று நீங்களே முதலில் சொல்லி, இரண்டு நோய்களுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.